நிப்பு நுனியில் இருந்தது, கோபுர உச்சியில் இல்லை

ஐம்பது வயதைத் தாண்டிய நெல்லைக்காரர்களில் பலர் இரிடியத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். மைப்பேனா காலத்தில் நல்ல நிப்பு என்றால் அதன் நுனியில் ஒரு பொட்டு இருக்கும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், மஞ்சள் உலோகம் முடிகிற இடத்தில் கடுகைவிடச் சிறிதாக, வெள்ளையாக ஓர் உருண்டை தெரியும். மை இறங்கும் பிளவு அதையும் நடுவே வகுந்திருக்கும். இரிடியமும் ஆஸ்மியமும் கலந்த உலோகத்தை நுனியில் பற்றவைத்து, பிறகு அறுத்துத் தேய்த்து எடுத்த பொட்டு அது. தங்கமோ எஃகோ காகிதத்தில் உரசினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தப் பொட்டு வருடக்கணக்கில் தாங்கும், எழுதுகிறவரின் கைச்சாய்வுக்கு ஏற்ப மெல்ல மெல்லப் படியும். "பேனாவ யார்ட்டயும் குடுக்காதல, நிப்பு போயிரும்" என்று வீட்டில் சொல்லி அனுப்பியதில் நியாயம் இருந்தது.

பின்னாளில் அந்தப் பொட்டில் இரிடியத்தின் பங்கு குறைந்து வேறு கடின உலோகங்கள் வந்தன. அதற்குள் பால்பாயிண்ட் வந்து மைப்பேனாவையே ஓரம் கட்டிவிட்டது.

தேயாத, துருப்பிடிக்காத, அமிலத்துக்கும் அசையாத இந்த உறுதிக்காகத்தான் உலகம் இரிடியத்தை மதித்தது. 1889 முதல் 2019 வரை உலகத்துக்கே கிலோகிராம் எவ்வளவு என்று சொன்ன எடைக்கல்லில் 90 பங்கு பிளாட்டினம், 10 பங்கு இரிடியம். அதன் 57ஆம் பிரதி டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

இன்று தாமிரபரணிக் கரையில் இரிடியம் என்றதும் நினைவுக்கு வருவது கோபுரக் கலசம். "அண்ணாச்சி, ஒரு பொருள் வந்திருக்கு. இடி விழுந்த கலசம். அரிசிய இழுக்கு. பார்ட்டி வெளிநாடு, டெஸ்டிங்குக்கு மட்டும் நாம கட்டணும்" என்று பேச்சு தொடங்குகிறது. செம்பை வைத்து அருகே அரிசியைக் கொட்டிக் காட்டுவார்கள். அரிசி நகரும். அதில் இரும்புத்தூள் கலந்திருப்பதும், செம்புக்குள் காந்தம் இருப்பதும் பார்ப்பவருக்குத் தெரியாது. பிறகு விஞ்ஞானி என்று ஒருவர் வருவார். கதிர்வீச்சுக் கவச உடைக்குப் பணம், சோதனைக்குப் பணம், சான்றிதழுக்குப் பணம். இஸ்ரோ வாங்கும், அணுசக்தித் துறை வாங்கும் என்பார்கள். மகேந்திரகிரியும் கூடங்குளமும் இருக்கிற மாவட்டத்தில் இது சட்டென்று நம்பும்படி இருப்பதுதான் கொடுமை. 2014இல் வந்த 'சதுரங்க வேட்டை' படம் இந்த வித்தையைப் பட்டிதொட்டியெல்லாம் காட்டியது. அதற்குப் பிறகும் நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கிறார்கள்.

இந்தப் பொய்யில் எனக்கு மிகவும் வலிப்பது, அது கலசத்தின் மேல் ஏறியிருப்பதுதான். கலசம் பெரும்பாலும் செம்பில் செய்து பொன்முலாம் பூசியது. உள்ளே வரகு முதலான தானியங்களை நிரப்பி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது மாற்றுவது மரபு. ஊருக்கான விதை அங்கே இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று கலசத்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இன்று அதைக் கழற்றி விற்க ஆள் ஏறுகிறது.

இடி விழுந்தால் செம்பு இரிடியம் ஆகாது. செம்பின் அணுக்கருவில் 29 புரோட்டான்கள், இரிடியத்தில் 77. மின்னல் செம்பை உருக்கும், கருக்கும். அணுக்கருவை மாற்ற அதனால் முடியாது. இரிடியம் அரிசியை இழுக்காது, இரும்பையும் காந்தம்போல இழுக்காது. செம்பைப்போல இரண்டரை மடங்கு கனமானது என்பதால், கலசம் முழுக்க இரிடியமாக இருந்தால் தூக்கிய உடனே கை சொல்லிவிடும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கு உலோகம் அறிந்த மண். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் வந்தன. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுபோனது 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை. நெல்லையப்பர் கோயிலில் கூத்தனுக்குத் தாமிர சபையே இருக்கிறது. அப்படிப்பட்ட கைகளாலும் இரிடியத்தில் ஒரு கலசம் செய்திருக்க முடியாது. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் போதும், இரிடியத்துக்கு 2,446 வேண்டும். சுத்தியலால் தட்டி வளைக்கவும் ஒத்துழைக்காத, நொறுங்கும் உலோகம் அது. அப்படி ஒன்று இருப்பதே 1803இல்தான் தெரிந்தது. லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட், பிளாட்டினத் தாதை அமிலத்தில் கரைத்தபின் கரையாமல் நின்ற கறுப்புத் தூளிலிருந்து அதைப் பிரித்தார்.

அது அரிதானது என்பது மட்டும் உண்மை. பூமி உருகிக் கிடந்த காலத்தில் இரும்போடு சேர்ந்து நடுவுக்கு இறங்கிவிட்டதால், மேலோட்டில் தங்கத்தைவிடக் குறைவாகவே இருக்கிறது. விண்கற்களில் அதிகம். 6.6 கோடி ஆண்டு பழைய களிமண் அடுக்கில் அளவுக்கு மீறி இரிடியம் இருந்ததை வைத்துத்தான், 1980இல் அல்வாரெஸ் தந்தையும் மகனும் டைனோசர்களின் அழிவுக்கு விண்கல் மோதலே காரணம் என்று வாதிட்டார்கள். கட்ச் பகுதியில் அஞ்சாரிலும் இரிடியம் கூடிய அடுக்குகள் கிடைத்துள்ளன. இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களின் துணைப்பொருள். ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான். தங்கம் மூவாயிரம் டன்னுக்கு மேல்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். 2020 தொடக்கத்தில் அவுன்ஸ் 1,500 டாலர் அளவில் இருந்தது, 2021இல் 6,000 டாலரைத் தாண்டியது. 2024இல் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் ஐயாயிரத்துக்கும் இடையே, அதாவது கிராம் சுமார் 12,000, 13,000 ரூபாய். ஒரு கிலோ சுத்த இரிடியமே அன்றைய விலைக்கு ஒன்றேகால் கோடி ரூபாய்தான். தரகர் சொல்லும் ஆயிரம் கோடி எந்தக் கணக்கிலும் வராது.

உண்மையான இரிடியம் இன்றும் நம் பக்கத்தில் இருக்கிறது, சத்தமில்லாமல். பைக் மெக்கானிக்கிடமிருந்து "இரிடியம் பிளக் போடவா?" என்ற கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். பொறி பறக்கும் அந்த மெல்லிய முனையில் இருப்பது அதுதான். பெரிய ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் குழாய்ப் பற்றவைப்புக்குள் விரிசல் உண்டா என்று படம்பிடிக்க, கதிர்வீசும் வகையான இரிடியம்-192 பயன்படுகிறது. விண்ணில் செயற்கைக்கோளைத் திருப்பும் சிறு உந்துகளில், ஹைட்ரஜினைச் சிதைத்து வாயுவாக்குவது இரிடியம் பூசிய மணிகள்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது மருத்துவமனையில் இருப்பது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உள்ளிருந்தே கதிர் கொடுக்கும் சிகிச்சையில், அரிசி மணியைவிடச் சிறிய இரிடியம்-192 துண்டு ஒரு கம்பியின் முனையில் இருக்கும். நோயாளியை அறையில் படுக்கவைத்து எல்லோரும் வெளியே வந்ததும், கருவி அந்தக் கம்பியைக் குழாய் வழியே கட்டி இருக்கும் இடத்துக்கு அனுப்பி, சில நிமிடம் நிறுத்தி, திரும்ப இழுத்துக்கொள்ளும். 74 நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடுவதால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் பிழைத்து வீடு திரும்பியதில் அந்தத் துண்டுக்குப் பங்குண்டு.

நாளைய தேவையும் ஆற்றின் போக்கிலேயே இருக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் தூத்துக்குடிப் பக்கம் பசுமை ஹைட்ரஜன் மையமாக வளர்க்கப்படுகிறது. தண்ணீரைப் பிரிக்கும் கருவிகளில் ஒரு வகைக்கு இரிடியம் ஆக்சைடு கட்டாயம் வேண்டும். உலகமே கிராம் கணக்கில் சிக்கனம் பார்ப்பது இதனால்தான்.

மோசடியும் உருமாறிவிட்டது. இப்போது கலசத்தைக்கூடக் காட்டுவதில்லை. வெளிநாட்டில் இரிடியம் விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் முடங்கிக் கிடக்கிறது, அதை விடுவிக்க லட்சம் போட்டால் கோடி வரும் என்று போலிக் கடிதங்களைக் காட்டுகிறார்கள். 2025இல் சிபிசிஐடி இதில் பலரைக் கைது செய்தது. ரிசர்வ் வங்கி தனியாருக்கு அப்படி எந்தப் பணமும் வைத்திருப்பதில்லை.

உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய கலம் எதுவும் கிடைத்தால் தாசில்தாரிடம் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். இரிடியம் என்று யாராவது பணம் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் வெட்கப்படாமல் போலீசில் எழுதிக் கொடுங்கள்.