பனியா, புகையா?

தை மாதக் காலை ஒன்று. வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றபோது மைதானத்துக்குக் கிழக்கே உள்ள தென்னைமரங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சம்பா அறுவடை பாதி முடிந்திருந்த நேரம். "டீச்சர், இது பனியா, புகையா?" என்று எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்கு வீசிங் உண்டு. புத்தகப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். "ரெண்டும்தான்டா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

பதில் தவறில்லை. புகைத்துகளைக் கருவாகக் கொண்டு அதன்மேல் நீராவி படிந்துதான் பல பனித்துளிகள் உருவாகின்றன. ஆனால் அவன் கேட்டது அதுவல்லவே! தான் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு புகை இருக்கிறது என்றுதான் கேட்டான். அதன் பிறகுதான் ஏரோசால் எனப்படும் காற்றில் மிதக்கும் நுண்துகள்களைத் தொலை நுண்ணுணர்வு முறையில் எப்படி அளக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

அடிப்படை எளியது. துகள்களை யாரும் எண்ணுவதில்லை. வரவேண்டிய ஒளியில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைவைச் சொல்லும் எண்ணுக்கு ஒளியியல் ஆழம் என்று பெயர். சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது இந்த எண் 0.1 என்றால், நேரடி ஒளியில் சுமார் 90 சதவீதம் துகள்களைக் கடந்து தரைக்கு வருகிறது. 0.5 என்றால் 61 சதவீதம், 1 என்றால் 37 சதவீதம்தான் வரும். சூரியனை நோக்கித் திருப்பிய சூரிய ஒளிமானி இதைத் தரையிலிருந்தே அளக்கும். நாசாவின் ஏரோநெட் வலையமைப்பைச் சேர்ந்த அத்தகைய கருவி ஒன்று 2001 முதல் கான்பூர் ஐஐடியில் இயங்கிவருகிறது.

செயற்கைக்கோளின் வேலை இன்னும் சிக்கலானது. 1999இல் ஏவப்பட்ட டெர்ராவிலும் 2002இல் ஏவப்பட்ட அக்வாவிலும் மோடிஸ் என்ற கருவி உள்ளது. மேலிருந்து பார்க்கும் அதற்குத் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும், துகளில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்தே கிடைக்கும். தரை கருமையாக இருந்தால் பிரிப்பது எளிது. பச்சைப் பயிர் சிவப்பு ஒளியில் கருமையாகவே தெரியும் என்பதால் மார்கழி வயல் அதற்கு வசதி. அறுத்தபின் வெளுத்துக் கிடக்கும் தை, மாசி வயலில் பிரிப்பது கடினமாகிறது. நாம் தெரிந்துகொள்ள விரும்புவதோ அந்த மாதங்களைத்தான்!

வேறு தடைகளும் உண்டு. மேகம் இருந்தால் அளவே கிடைக்காது. மோடிஸின் வழக்கமான துகள் வரைபடத்தில் ஒரு கட்டம் 10 கிலோமீட்டர் சதுரம். கிட்டத்தட்ட தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரையிலான தூரம் அது. டெர்ரா முற்பகலிலும் அக்வா பிற்பகலிலும் நம்மைக் கடக்கும். எங்கள் ஊரில் மழையில் நனைந்து மாட்டுக்கு ஆகாமல் போன வைக்கோலுக்குத் தீ வைப்பது பெரும்பாலும் சாயங்காலத்தில். ஆகவே வரைபடம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக நம் தெருவில் புகை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சிக்கல் உயரம். ஒளியியல் ஆழம் என்பது தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை உள்ள மொத்தக் கணக்கு. 3 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தூசியும் நம் மூக்கருகே தவழும் புகையும் ஒரே எண்ணைத் தரக்கூடும். உயரத்தைப் பிரித்துச் சொல்வது லைடார். இது லேசர் துடிப்பை மேலே அனுப்பி, துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளி வந்துசேரும் நேரத்தை அளக்கிறது. 20 மைக்ரோவினாடியில் திரும்பினால் போக வர 6 கிலோமீட்டர், அதாவது துகள் இருப்பது 3 கிலோமீட்டர் உயரத்தில். ஒன்பதாம் வகுப்பில் எதிரொலிக் கணக்குப் போட்ட பிள்ளைக்கு இது புதிதல்ல. ஒலியின் வேகத்துக்குப் பதில் ஒளியின் வேகம், அவ்வளவுதான். திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் இந்திய-ஜப்பானிய கூட்டு முயற்சியாக 1998இல் நிறுவப்பட்ட லைடார், 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் பயன்படுத்துகிறது. 2006இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோள் இதே வேலையை விண்ணிலிருந்து 2023 வரை செய்தது.

லைடார் நமக்கு எட்டாது. ஒளிமானி எட்டும். எல்இடி விளக்கு ஒளி தருவது மட்டுமல்ல, தன்மேல் ஒளி பட்டால் சிறு மின்னோட்டமும் தரும். இதைக் கொண்டு மலிவான ஒளிமானி செய்யலாம் என்று அமெரிக்கரான ஃபாரஸ்ட் மிம்ஸ் காட்டினார். உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டிய பிவிசி குழாய், அதன் அடியில் ஒரு பச்சை எல்இடி, ஒரு மல்டிமீட்டர். எங்களுக்குத் தேவைப்பட்டது இவ்வளவே. குழாயைச் சூரியனுக்கு நேராக்க, குழாய் வழியே பார்க்கவே கூடாது. கண் பார்வை போய்விடும். குழாயோடு ஒட்டிய அட்டைத் துளை வழியே விழும் ஒளிப்புள்ளி, கீழ் அட்டையில் போட்ட குறிமேல் வருமாறு திருப்பினால் போதும். இதை ஆசிரியர் கூடவே நின்று செய்ய வைக்க வேண்டும்.

காலை எட்டு மணி முதல் பதினொன்றரை வரை அரைமணிக்கு ஒருமுறை அளவெடுத்தோம். சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒளி கடக்கும் காற்றின் அளவு, உச்சியில் இருக்கும்போதுள்ளதைப் போல் இரண்டு மடங்கு. காற்றின் அளவை x அச்சிலும் மின்னோட்டத்தின் மடக்கையை y அச்சிலும் குறித்தால் நேர்கோடு வரவேண்டும். அதன் சாய்விலிருந்து ஒளியியல் ஆழம் கிடைக்கும். காற்று மூலக்கூறுகளின் பங்கை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். மடக்கைப் பகுதியைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் புள்ளிகள் தாறுமாறாக விழுந்தன. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மேகம் காரணமாக இருக்கலாம். மூன்றாம் நாள் ஓரளவு நேர்கோடு வந்தது. எங்கள் எண்ணை யாரும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; எல்இடி சூடானால்கூட அளவு மாறும். ஆனால் தெளிந்த நாளும் மங்கிய நாளும் கோட்டின் சாய்விலேயே வேறுபட்டன.

கேள்வி கேட்டவன்தான் இப்போது பதிவேடு எழுதுகிறான். "மூட்டம்" என்ற ஒரு பத்தியை அவனாகவே சேர்த்திருக்கிறான். அதற்கடுத்து இன்னொரு பத்தி: அன்று இன்ஹேலர் எத்தனை முறை.