கிளுவை வேலியில் ஏறும் பூக்கொடிகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் மேட்டுக்காடுகளைச் சுற்றிக் கிளுவையும் கள்ளியும் நட்டு உயிர்வேலி அமைப்பது பழைய வழக்கம். வெயில் காலத்தில் இலையுதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும் இந்த வேலிகள், மழை விழுந்ததும் கொடிகளால் மூடிக்கொள்ளும். கோவை, வேலிப்பருத்தி, தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, குன்றிமணி, செங்காந்தள் எல்லாம் இந்த மண்ணிலேயே காலங்காலமாக வளர்பவை. வீட்டு வாசலில் செல்லமாக ஏற்றிவிடப்படும் காகிதப்பூ, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது.

மரம் நிமிர்ந்து நிற்கத் தண்டைப் பருமனாக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கொடி அந்தச் செலவைச் செய்வதில்லை. பக்கத்துச் செடியைப் பற்றி, ஒரே பருவத்தில் வெளிச்சத்துக்கு ஏறிவிடுகிறது. பற்றும் விதம் கொடிக்குக் கொடி வேறு. சார்லஸ் டார்வின் 1865இல் வெளியிட்ட ஏறுகொடிகள் பற்றிய ஆய்வு, இந்த விதங்களை முறையாக வகைப்படுத்தியது.

வேலிப்பருத்திக்குத் தனி உறுப்பு எதுவும் இல்லை, தண்டே சுற்றிக்கொள்கிறது. இப்படிச் சுற்றும் கொடிகளின் இளநுனி வட்டமாக அசைந்து பிடிமானம் தேடும். மேலிருந்து பார்த்தால், உலகின் சுற்றுக்கொடிகளில் பெரும்பாலானவை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஏறுகின்றன. வேலிப்பருத்தியின் வெளிறிய சிறு பூக்களில் மகரந்தம் தூளாக உதிராது. இரண்டிரண்டு மெழுகுப் பொதிகளாக இருக்கும். தேன் தேடி வரும் பூச்சியின் கால் பூவிலுள்ள பிளவில் மாட்டும். இழுத்து விடுவித்தால் பொதியும் கூடவே வந்துவிடும். குன்றிமணியும் இப்படியே தண்டால் சுற்றி ஏறுகிறது.

தூதுவளை சுற்றுவதில்லை. தண்டிலும் இலையிலும் உள்ள வளைமுள்ளால் மாட்டிக்கொண்டு மேலே போகும். அதன் ஊதாப்பூவின் மகரந்தப் பைகள் நுனியில் சிறு துளையோடு மூடியே இருக்கும். தன் உடலை அதிரவைக்கத் தெரிந்த தேனீக்களால்தான் அதை உதிர்க்க முடியும்.

கோவை, முடக்கத்தான், பிரண்டை மூன்றுக்கும் பற்றுக்கம்பிகள் உண்டு. கோவையின் பற்றுக்கம்பி குச்சியைத் தொட்ட சற்று நேரத்தில் வளையத் தொடங்கும். நுனி இறுகியபின் நடுப்பகுதி சுருண்டு, கொடியைக் குச்சியை நோக்கி இழுக்கும். இரண்டு முனையும் கட்டுண்டதால் ஒரே திசையில் முறுக முடியாது; பாதிவரை ஒருபுறமும் மீதி மறுபுறமுமாகச் சுருளும். காற்றடித்தால் சுருள்வில்லைப் போல நீண்டு சுருங்குவதால் கொடி அறுவதில்லை. வேலியோரம் நின்று ஒரு கம்பியை உற்றுப் பார்த்தாலே சுருள் திசை மாறும் இடம் தெரியும்.

இவற்றில் அழகும் ஆபத்தும் மிகுந்தது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். கண்வலிக்கிழங்கு என்பது ஊர்ப்புறப் பெயர். மழைக்குக் கிழங்கிலிருந்து முளைத்து, நீண்ட இலையின் நுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறும். பூ விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கும். நெளிந்த விளிம்புடைய அவை பச்சையிலிருந்து மஞ்சளாகி, நாளாக ஆகச் சிவக்கும். சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் செங்கோணத்தில் திரும்பியிருப்பதால், தன் மகரந்தம் தன்மேலேயே படுவது குறைகிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தலில் இதைப் பயிரிடும் உழவர்கள் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். விதையில் உள்ள கால்ச்சிசினுக்காகவே இந்தப் பாடு. கீல்வாத வகையான கௌட் நோய்க்கு அது மருந்து. செல் பிரிவதைத் தடுப்பதால், அளவு மீறினால் ஆளைக் கொல்லும் நஞ்சு.

கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பியும் கல்காலும் நட்டு, வேலியடியில் களைக்கொல்லி தெளிக்கும் காடுகளில் இந்தக் கொடிகளுக்கு இடமில்லை. உயிர்வேலி வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் கோவைத் தண்டை வெட்டி நட்டாலே போதும், பிடித்துக்கொள்ளும். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு என்பதால், காய் வேண்டுமென்றால் காய்த்த கொடியின் தண்டைத்தான் எடுக்க வேண்டும். ஆண்கொடி ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். செங்காந்தளை மட்டும் ஆடுமாடு மேயும் வேலியிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்கக் கூடாது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கைச் சமையல் கிழங்கென்று நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.