பிரசவம் எங்கே: வீடா, பிரசவ மையமா, மருத்துவமனையா?

பிரசவம் நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று வீடு. இரண்டாவது, மருத்துவர் இல்லாமல் மருத்துவச்சிகளே பொறுப்பேற்று நடத்தும் பிரசவ மையம். மூன்றாவது, மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், அறுவை அரங்கு, ரத்தம் ஏற்றும் வசதி எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும் மருத்துவமனை. இவற்றில் எது நல்லது என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கர்ப்பிணியின் உடல்நிலை, தலைப்பிரசவமா அடுத்ததா என்பது, பிரசவம் பார்ப்பவரின் பயிற்சி, அவசரம் என்றால் அறுவை அரங்குக்குப் போய்ச்சேர ஆகும் நேரம் ஆகிய நான்கையும் வைத்தே விடை மாறும்.

நிமிடங்களின் கணக்கு

ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்குப் பிரசவம் இயல்பாகவே முடிந்துவிடும். சிக்கல் வரும் சிலருக்கோ அது முன்னறிவிப்பின்றி வரும். அப்போது கையில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சும் பிரிந்தவுடன், அது ஒட்டியிருந்த இடத்து ரத்தக் குழாய்கள் திறந்தபடி இருக்கும். கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அவை அடைபடும். சுருங்கிய கருப்பை, தாயின் தொப்புளை ஒட்டிக் கைவைத்துப் பார்த்தால் பந்துபோலக் கெட்டியாகத் தட்டுப்படும். தொளதொளவென்றிருந்தால் ரத்தம் இன்னும் போகிறது என்று பொருள். பயிற்சி பெற்றவர் அதைக் கைபட்டதும் உணர்ந்து, வயிற்றின்மேல் அழுத்தித் தேய்த்துக் கருப்பையைச் சுருங்கச் செய்வார். இந்த நிலையே வராமல் தடுக்க, குழந்தை பிறந்ததும் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடப்படுகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டிய இந்தச் சிறு ஊசி மருந்து ஏராளமான தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது. அது இல்லாத இடத்தில், நன்றாக இருந்த பெண்கூட கடும் ரத்தப்போக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகக்கூடும்.

குழந்தையின் கணக்கு இதைவிடக் குறுகியது. பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ பத்துக்கு மூச்சைத் தொடங்க ஏதாவதொரு உதவி தேவைப்படுகிறது. பலவற்றுக்கு, துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். சிலவற்றுக்கு முகமூடியும் காற்றுப்பையும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். அதை முதல் நிமிடத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

வீட்டுப் பிரசவம் முறையாக நடக்கும் நாடுகள்

நெதர்லாந்தில் வீட்டுப் பிரசவம் மருத்துவ அமைப்பின் ஓர் அங்கம். முறைப்படி படித்து உரிமம் பெற்ற மருத்துவச்சி, ஆக்சிடோசின், ஆக்சிஜன், குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் கருவி ஆகியவற்றோடு வீட்டுக்கு வருகிறார். அவர் குனிந்து சிரமப்படாமல் வேலை செய்ய, கர்ப்பிணியின் கட்டிலுக்கு அடியில் கட்டைகள் கொடுத்து முன்கூட்டியே உயர்த்தி வைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு சுமார் ஒரு வாரம் பேறுகால உதவியாளர் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் கவனிக்கிறார். யார் மருத்துவச்சியிடம் பிரசவம் பார்க்கலாம், யார் மருத்துவரிடம் போயாக வேண்டும் என்பதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான பட்டியல் உண்டு. இத்தனை ஏற்பாடு இருந்தும், 1960-களில் பாதிக்கு மேல் இருந்த வீட்டுப் பிரசவங்கள் இன்று ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டன.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியை நேரடியாகவே ஆராய்ந்தார்கள். 2008 முதல் 2010 வரை, ஆபத்து குறைந்தவர்கள் எனக் கணிக்கப்பட்ட 64,538 பெண்களின் பிரசவங்களைத் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2011-இல் வெளியிட்டார்கள். குழந்தை இறப்பு, மூளைப் பாதிப்பு போன்ற கடும் விளைவுகள் மொத்தத்தில் ஆயிரத்துக்குச் சுமார் 4 மட்டுமே. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கு, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைப்பிரசவத்தில் வேறுபாடு தெரிந்தது. மருத்துவமனையில் பெறத் திட்டமிட்டவர்களிடம் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருந்த எண்ணிக்கை, வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களிடம் 9.3 ஆக இருந்தது. வீட்டில் தலைப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 45 சதவீதம் பேர், வலியின்போதோ பிரசவம் முடிந்தவுடனோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். அடுத்தடுத்த பிரசவங்களில் இது 12 சதவீதம்தான்.

பிரசவ மையத்தின் சிறப்பு

அதே ஆய்வில் பிரசவ மையங்கள் நல்ல பெயர் பெற்றன. இவை இரண்டு வகை. ஒன்று, மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே மருத்துவச்சிகள் தனியாக நடத்துவது. மற்றொன்று, மருத்துவமனையிலிருந்து தள்ளி, தனிக் கட்டடத்தில் இயங்குவது. இரண்டிலும் குழந்தைகளுக்கு நேர்ந்த கடும் விளைவுகள் மருத்துவமனையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. தலைப்பிரசவத்துக்கும் இது பொருந்தியது. தாய்மாருக்கோ தலையீடுகள் வெகுவாகக் குறைந்தன. ஒரே அளவு ஆபத்து உடைய பெண்களில், மருத்துவமனையைத் தேர்ந்தவர்களுக்கு 11 சதவீதம் சிசேரியன் நடந்தது. வளாகத்துக்குள் இருந்த மையங்களைத் தேர்ந்தவர்களுக்கு அது 4.4 சதவீதம்தான்.

வலிக்கும் பெண் அங்கே நடக்கலாம், சாயலாம், குந்தலாம், வெந்நீர்த் தொட்டியில் அமரலாம். தெரிந்த முகமாகிய மருத்துவச்சி விட்டு நீங்காமல் உடனிருப்பார். இந்த முடிவுகளின் அடிப்படையில், ஆபத்து குறைந்த தலைப்பிரசவத்துக்குப் பிரசவ மையம் ஏற்றது என்றும், அடுத்த பிரசவங்களுக்கு மையமும் வீடும் ஏற்றவை என்றும் அந்நாட்டு வழிகாட்டி நெறி 2014-இல் அறிவுறுத்தியது. எங்கே பெறுவது என்ற முடிவைத் தாயிடமே விட்டது.

தமிழ்நாட்டின் நிலை

இந்த எண்களை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து வீட்டுப் பிரசவத்துக்குச் சான்று காட்டுவது தவறு. அங்கே வீட்டுக்கு வருபவர் ஊசியும் கருவியும் கொண்ட உரிமம் பெற்ற மருத்துவச்சி. அவருக்குப் பின்னால் ஆம்புலன்சும், கதவைத் திறந்து வைத்திருக்கும் மருத்துவமனையும் உண்டு. இங்கே வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கும் அப்படியொரு முறையான சேவை இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்த முயன்ற குடும்பத்தில் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்த செய்தி மாநிலத்தையே உலுக்கியது. வீட்டுப் பிரசவம் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், நெதர்லாந்தில் நடப்பதும் திருப்பூரில் நடந்ததும் வேறு வேறு.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. கிராம சுகாதார செவிலியர், மூன்று செவிலியர்களோடு இரவு பகலாக இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசரப் பிரசவங்களைக் கவனிக்கும் சீமாங்க் மையங்கள், 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் ஆகியவை சேர்ந்து கட்டிய சாதனை இது. பிரசவ மையத்துக்கு மிக நெருங்கிய தமிழக வடிவம் ஆரம்ப சுகாதார நிலையம்தான். அங்கே செவிலியர்களே சுகப்பிரசவம் பார்க்கிறார்கள். சிக்கல் தெரிந்தால் மேலே அனுப்புகிறார்கள்.

இன்னொரு எண்ணையும் மறைக்க முடியாது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம். அரசு நிலையங்களில் 36, தனியாரில் 63.8. இந்திய சராசரி 21.5. தேவைப்படும்போது உயிர் காக்கும் அறுவை, தேவையில்லாமல் செய்யப்பட்டால் தாய்க்கு வலியையும் அடுத்த கர்ப்பத்துக்குச் சிக்கலையும் தரும். கத்திக்குப் பயந்தும், பிரசவ அறையின் அதட்டலுக்கு அஞ்சியும் வீட்டை நினைக்கும் குடும்பங்களின் அச்சம் நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டிய இடம் மருத்துவமனை.

யாருக்கு எது?

முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், குழந்தை தலைகீழாகத் திரும்பாதவர்கள், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், இதய நோய், கடும் ரத்தசோகை உள்ளவர்கள், நஞ்சு கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்கள், 37 வாரத்துக்கு முன்பே வலி கண்டவர்கள், முந்தைய பிரசவத்தில் அதிக ரத்தம் போனவர்கள் ஆகியோர் அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லாதவர்களுக்கு, நல்ல செவிலியர்களும் விரைவான வாகன வசதியும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் நம்பிக்கைக்குரிய இடம்.

இடத்தை எட்டாம் மாதத்துக்குள் முடிவு செய்வது நல்லது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண், அந்த ஊரின் செவிலியரிடம் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். ரத்தம் கொடுக்கக்கூடிய உறவினர் யார், இரவில் வண்டி எது, சிக்கல் என்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்து பச்சையாக நீர் வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்.

மருத்துவமனையிடம் கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. வலியின்போது விரும்பிய துணை உடனிருப்பதையும், எழுந்து நடப்பதையும், தனக்கு வசதியான நிலையில் பிள்ளை பெறுவதையும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறி பரிந்துரைக்கிறது. கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரியவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்பட்டு வலியைக் கூட்டக் கூடாது என்றும் சொல்கிறது. அதே ஆண்டில் இந்திய அரசும் மருத்துவச்சிகளை உருவாக்கி, அவர்களே நடத்தும் பிரிவுகளை அரசு மருத்துவமனைகளில் தொடங்கும் திட்டத்தை அறிவித்தது. அந்தப் பிரிவுகள் பெருக வேண்டும். சிசேரியன் எத்தனை சதவீதம், துணைக்கு ஆள் இருக்கலாமா என்ற இரண்டு கேள்விகளையும் பிரசவத்துக்குப் பதியும் நாளிலேயே ஒவ்வொரு குடும்பமும் மருத்துவமனையில் கேட்க வேண்டும்.