காலைப் பலகாரம் – 9: பெட்டி மாவு எதை மிச்சம் பிடித்தது?

அமெரிக்கக் குடும்பங்கள் பல, சாவகாசமாக ஒன்றாக உட்கார்ந்து காலையில் சாப்பிடுவது சனி, ஞாயிறில்தான். அன்றைய பலகாரங்களில் முக்கியமானது பான்கேக். ஊத்தப்பத்தைவிடச் சின்னது, அரை அங்குலம் உப்பியது, மேலே வெண்ணெயும் மேப்பிள் பாகும். இதற்கென்று தயார் மாவு பெட்டி பெட்டியாகக் கடைகளில் அடுக்கியிருக்கிறது. நேரம் மிச்சம் என்பதுதான் அந்தப் பெட்டி தரும் வாக்கு. அந்த வாக்கை நான் நம்பவில்லை. பான்கேக்கில் மிச்சம் பிடிக்கக்கூடிய உழைப்பையெல்லாம், பெட்டி வருவதற்கு ஒரு தலைமுறை முன்பே, பேக்கிங் பவுடர் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டது.

அதற்கு முன்னால் மாவு உப்ப வேண்டுமென்றால் ஈஸ்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது கை வலிக்க முட்டை அடிக்க வேண்டும். 1796இல் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’ புத்தகத்தில் மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. குறுக்குவழி தேடும் ஆசை அவ்வளவு பழையது. 1843இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகக் காரமும் அமிலமும் சேர்ந்த பொடியைச் செய்தார். 1856இல் ஹார்வர்டின் வேதியியல் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட், அமிலத்துக்குக் கால்சியம் பாஸ்பேட் உப்பைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை அமெரிக்கா அந்த அமிலத்துக்கு ஐரோப்பாவின் ஒயின் பீப்பாய்களில் படியும் உப்பை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. தோசை மாவில் நுண்ணுயிர்கள் ராத்திரி முழுக்கச் செய்யும் வேலையை, ஈரம் பட்ட சில நொடிகளிலேயே தொடங்கிவிடும் பொடி சமையலறைக்கு வந்துவிட்டது.

பெட்டி வந்தது 1889இல். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் கிறிஸ் ரட், சார்லஸ் அண்டர்வுட் என்ற இருவர் ஒரு மாவு ஆலையை வாங்கியிருந்தார்கள். சந்தையில் மாவு தேங்கிக் கிடந்தது. விற்க வழி தேடியபோது பிறந்ததுதான் தயார் மாவு. வீட்டுக்காரி கேட்டதைவிட ஆலைக்காரருக்குத் தேவைப்பட்டது அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆலை கைமாறிய பின், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் அந்த வேடத்தில் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பான்கேக் சுட்டுக் காட்டினார். கூப்பிட்ட குரலுக்கு வந்து சமைத்துப் போடும் கறுப்பினப் பெண் என்ற கற்பனைதான் மாவோடு சேர்ந்து விலைபோனது. 2020இல் கைவிடுவதாக அறிவித்த அந்தப் பெயரை, 2021இல் பழைய ஆலையின் பெயரான ‘பேர்ல் மில்லிங் கம்பெனி’ என்று மாற்றினார்கள்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். சாதாரணப் பெட்டியில் இருப்பது மைதா, உப்பும் பொடியும், கொஞ்சம் சர்க்கரை. பாலும் முட்டையும் எண்ணெயும் நாம்தான் சேர்க்க வேண்டும். ஆக, மிச்சமாவது நாலு பொருளை அளக்கும் இரண்டு மூன்று நிமிடம். உண்மையில் நேரத்தைத் தின்பது கல். நாலு பேருக்குப் பன்னிரண்டு பான்கேக், ஒரு தடவைக்கு நாலு, ஒவ்வொரு தடவைக்கும் நாலைந்து நிமிடம். கல் காயும் நேரம் தனி. எந்த மாவானாலும் இதில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

அளவு தப்பினால் பலகாரமே கெட்டுவிடுமே என்று கேட்கலாம். ஒரு கோப்பை மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, முக்கால் கோப்பைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பால், உருக்கிய வெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி. இதில் சற்று முன்பின் ஆனால் குடி முழுகாது. உண்மையில் பான்கேக் கெடுவது மாவை அதிகம் கலக்குவதால்தான். கட்டி இல்லாமல் கரைக்கிறேன் என்று கிண்டக் கிண்ட மைதாவின் குளூட்டன் இறுகி, பலகாரம் ரப்பராகிவிடும். சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். பெட்டி மாவையும் இப்படிக் கிண்டினால் இதே கதிதான். மேலே வரும் குமிழ்கள் உடைந்து ஓட்டை மூடாமல் நிற்கும்போது திருப்ப வேண்டும் என்பதையும் கண்தான் பழக வேண்டும். பேக்கிங் பவுடர் மட்டும் தொழிற்சாலைச் சரக்கு இல்லையா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. அதுவும் தொழிற்சாலைச் சரக்குதான். ஆனால் அந்த ஒரு டப்பா கேக்குக்கும் மஃபினுக்கும் உதவும். பெட்டி மாவோ பெரும்பாலும் ஒரே பலகாரத்துக்கு. தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்று வரும், பால் பொடி கலந்த வகைக்கு மலையேறிக் கூடாரம் போடுகிறவர்களிடம் நியாயம் உண்டு. குளிர்பெட்டியில் பாலும் முட்டையும் இருக்கிற வீட்டுக்கு அது வீண் செலவு.

காலை அவசரம் பயமுறுத்தினால், உலர்ந்த பொருள்களை முந்தின நாளே அளந்து ஒரு புட்டியில் போட்டு வையுங்கள். பேக்கிங் பவுடர் பழசா என்று சந்தேகம் வந்தால் அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், பொங்காவிட்டால் கொட்டிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: மேப்பிள் துளிகூட இல்லாத ‘பான்கேக் சிரப்’)