சிஸ்டத்துல இருக்கு, ரேக்குல இல்லை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இது உங்களில் பாதிப் பேருக்காவது நடந்திருக்கும். ஆன்லைன்ல ஒரு பொருளைப் பார்க்குறீங்க. 'ஸ்டாக் உள்ளது'ன்னு போட்டிருக்கு. பணமும் கட்டியாச்சு. மறுநாள் மெசேஜ் வருது: 'மன்னிக்கவும், உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது.' நமக்குக் கடுப்பு. ஸ்டாக் இல்லாமலே எதுக்குடா இருக்குன்னு காட்டினீங்க?

நம்மள மாதிரி கோடு எழுதுறவங்க உடனே என்ன சொல்வோம்? ரெண்டு பேர் ஒரே நேரத்துல கடைசிப் பீஸை வாங்கியிருப்பாங்க, அந்த ரெண்டு ஆர்டரும் மோதியிருக்கும்னு சொல்வோம். அப்படியும் நடக்கும். ஆனா அதை டேட்டாபேஸ்லயே பூட்டுப் போட்டுச் சரி பண்ணிடலாம். இன்னிக்கு நான் பேசப் போறது கோடுக்கு வெளியில நடக்கிற தப்பு. கிடங்கு சாஃப்ட்வேர் எழுதுற வேலையில சில வருஷம் இருந்தேன். இந்த விஷயத்துல நானே ஒரு தப்பு பண்ணியிருக்கேன். அதையும் சொல்றேன்.

கேஸ்கட் கதை

ஒரகடம் பக்கம் பெரிய பெரிய கிடங்குகளைப் பார்த்திருப்பீங்க. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அதைத் தவிர்க்க நிறைய கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு சின்ன கிடங்கு வைத்திருந்தன. ஜிஎஸ்டிக்குப் பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. சின்னதாகப் பல இடங்களில் வைப்பதற்குப் பதில், பெரியதாகச் சில இடங்களில் வைக்கலாம் என்று ஆனது.

அப்படி ஒரு கிடங்குக்குள் லாரி வந்து நிற்கிறது. பெட்டியை இறக்கி, எண்ணி, பில்லோடு ஒப்பிட்டு, ஸ்கேன் செய்து உள்ளே எடுப்பார்கள். அதற்குப் பெயர் இன்வர்ட். அடுத்து ரேக்கில் அடுக்குவார்கள். ஆர்டர் வந்தால் ஒருவர் ஸ்கேனரோடு போய் எடுப்பார், இது பிக்கிங். அப்புறம் பேக்கிங், டெஸ்பாட்ச். அவ்வளவுதான் சுற்று.

இப்போ ஒரு பெட்டி வருது. உள்ளே 3 லிட்டர் குக்கர் கேஸ்கட் 24. பில்லில் 24, எண்ணினாலும் 24. ஆனால் சப்ளையர் தவறுதலாக 5 லிட்டர் கேஸ்கட் 12-ஐக் கலந்து போட்டுவிட்டார். ரெண்டும் கறுப்பு வளையம், ஒரே மாதிரி பிளாஸ்டிக் கவர். இன்வர்ட்டில் இருப்பவர் ஒன்றை ஸ்கேன் பண்ணி, '24'ன்னு தட்டிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிடுவார். வெளியில இன்னும் மூணு லாரி நிக்குது, அவரைக் குறை சொல்ல முடியாது.

இதுல பார்கோடுக்கும் பங்கு இருக்கு. 1974 ஜூன் 26-ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டிராய் என்ற ஊர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதன்முதலில் இப்படி ஸ்கேன் செய்து விற்றார்கள். அன்றிலிருந்து இந்தக் கோடுகள் சொல்வது, 'இது என்ன பொருள்' என்பதை மட்டும்தான். 'இது எத்தனையாவது பீஸ்' என்று சொல்லாது. 24 கேஸ்கட்டுக்கும் ஒரே எண். அதனால்தான் ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டு எண்ணிக்கையைக் கையால் தட்ட முடிகிறது. தப்பும் அந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

பேய் ஸ்டாக்

இனி என்ன ஆகும்னு பாருங்க. 3 லிட்டர் கேஸ்கட் 12 விற்றுத் தீர்ந்தது. சிஸ்டம் இன்னும் 12 இருக்குன்னு நம்புது. ரேக்கில் கைவிட்டால் 12 வளையம் இருக்கத்தான் செய்யும், ஆனால் எல்லாம் 5 லிட்டர். அதே நேரம் வெப்சைட்டில் 5 லிட்டர் 'ஸ்டாக் இல்லை'ன்னு காட்டுது. ஒன்றில் 12 அதிகம், இன்னொன்றில் 12 குறைவு, மொத்தம் சரியாக டேலி ஆகும். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு ஒரு பிரச்சினையும் தெரியாது.

இதில் ரொம்ப மோசமான பகுதி இனிமேல்தான். ஸ்டாக் 5-க்குக் கீழே போனால் புதிதாக வாங்கு என்று ரூல் இருக்கிறது. சிஸ்டத்தில் 12 இருக்கிறதே, அதனால் வாங்காது. வாங்காததால் விற்பனை இல்லை. விற்பனை பூஜ்யம் என்ற டேட்டா ஏஐ மாடலுக்குப் போகும். 'இந்தப் பொருளை யாரும் கேட்கிறதில்லை'ன்னு அது கத்துக்கும். கேட்டவங்க எல்லாருக்கும் ஆர்டர் ரத்தானதுதான் நிஜம்.

சிஸ்டம் குறைவாகக் காட்டினால் தப்பு எப்படியும் வெளியே வரும். மறுபடி வாங்குவோம், ரேக் நிரம்பும், யாராவது கேள்வி கேட்பார்கள். அதிகமாகக் காட்டினால்தான் அப்படியே உறைந்து நிற்கும்.

இது எங்கேயோ அபூர்வமாக நடப்பது இல்லை. நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 ஸ்டாக் பதிவுகளைப் பார்த்தார்கள். அதில் 65 சதவீதம், கடையில் இருந்த எண்ணிக்கையோடு பொருந்தவில்லை.

டேட்டாபேஸ்தான் உண்மை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கிடங்கில் உண்மை ரேக்தான். டேட்டாபேஸ் அதன் கேஷ். கேஷ் பழசாகிவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் பண்ணின தப்பு

ஒரு பண்டிகை சேலுக்கு முன்னாடி, பிக்கிங் பண்றவங்களுக்கு ஸ்கோர் போடும் ஒரு ஸ்கிரீன் வேணும்னு கேட்டாங்க. மணிக்கு எத்தனை எடுக்கிறாங்க, எத்தனை தடவை 'பொருள் இல்லை' பட்டனை அழுத்துறாங்க என்று ரெண்டு கணக்கு. 'இல்லை' அதிகமானால் ஸ்கோர் குறையும். ரெண்டே நாளில் எழுதிக் கொடுத்துட்டேன். பெருமையாகவும் இருந்தது.

சேல் முடிந்ததும் கிடங்குக்குப் போனேன். அங்கே பிக்கிங் பண்ற ஒரு அக்கா, "தம்பி, இந்த மெஷினுக்கு புரோகிராம் எழுதுறவர் நீங்கதானா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். நேரா ஒரு ரேக்குக்குக் கூட்டிட்டுப் போய், கேஸ்கட்டை ஒவ்வொண்ணா எடுத்து ஸ்கேன் பண்ணிக் காட்டினாங்க. பன்னிரண்டும் சிவப்பு. "பொருள் இல்லைன்னு உண்மையைச் சொன்னா எனக்கு மார்க் போகுது. அந்த மாசம் இன்சென்டிவ் வரலை. சொல்லாம அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தள்ளிவிட்டவங்களுக்கு வந்துச்சு. இது என்ன கணக்கு தம்பி?"

எனக்குப் பதில் இல்லை. அந்தக் கட்டிடத்தில் ரேக்கும் டேட்டாபேஸும் பொருந்தவில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். சொன்னதற்கு அபராதம் போடும் ஸ்கிரீனை நான் எழுதியிருந்தேன்.

திரும்பி வந்து அதை மாற்றினேன். 'இல்லை' பட்டனை அழுத்தினால் ஸ்கோர் குறையாது. அந்த ரேக்கை எண்ணும் வேலை, உடனே வேறு ஒருவருக்குப் போகும். எண்ணுகிறவருக்கு சிஸ்டத்தில் இருக்கும் எண்ணைக் காட்ட மாட்டோம். காட்டினால் கை தானாக அதே எண்ணைத் தட்டிவிடும். 'வேறு பொருள் கலந்திருக்கு'ன்னு சொல்ல ஒரு பட்டனையும் சேர்த்தேன். அதுவரைக்கும் அதைச் சொல்ல ஸ்கேனரில் இடமே இல்லை. மேலே இருந்தவர்களை ஒத்துக்கொள்ள வைக்க மூன்று வாரம் ஆனது. அக்காவுக்குப் போன இன்சென்டிவ் திரும்பி வரவில்லை. கேட்டுப் பார்த்தேன், அந்த மாசக் கணக்கு முடிந்துவிட்டது என்றார்கள்.

ரோபோ வந்தால் சரியாயிடுமா?

2012-இல் அமேசான், கிவா சிஸ்டம்ஸ் என்ற ரோபோ கம்பெனியை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. இங்கே ஆள் ரேக்கைத் தேடிப் போக வேண்டாம், ரோபோ ரேக்கையே ஆளிடம் தூக்கிக்கொண்டு வரும். நடை மிச்சம். ஆனால் எண்ணிக்கை தப்பாக இருந்தால், தப்பான ரேக் இன்னும் வேகமாக வந்து சேரும், அவ்வளவுதான்.

இந்தப் பிரச்சினைக்கு நேரடியாக உதவுவது ஆர்எஃப்ஐடி. ஒவ்வொரு பீஸிலும் ஒரு சின்ன சிப், அதற்குத் தனி எண். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்னென்ன இருக்கு என்று படிக்கலாம். டெகாத்லான் கடையில் பொருள்களைத் தொட்டியில் போட்டதும் பில் வந்துடுதே, அது இதுதான். கேஸ்கட் பெட்டியில் இது இருந்திருந்தால் 12-ம் 12-ம் இன்வர்ட்டிலேயே பிரிந்து தெரிந்திருக்கும். ஆனால் உலோகமும் தண்ணீரும் ரேடியோ அலைக்கு ஆகாது. பாத்திரம், எண்ணெய், பானம் என்றால் தடுமாறும். விலை குறைந்த பொருளில் ஒவ்வொன்றுக்கும் டேக் ஒட்டினால் கட்டுப்படியும் ஆகாது. துணிக்கடைக்கு நன்றாகப் பொருந்தும்.

மற்ற இடங்களில் பழைய வழிதான். வருஷத்துக்கு ஒரு நாள் கடையை மூடி எல்லாவற்றையும் எண்ணாமல், தினம் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணுவது. வேகமாக ஓடும் பொருளை அடிக்கடி, மெதுவாக ஓடுவதை எப்போதாவது. இதற்குப் பெயர் சைக்கிள் கவுன்ட்.

இந்தத் துறைக்கு வரணும்னா

நிறைய பேர் மெயில்ல கேட்கிற கேள்வி இது. இன்வென்டரி கன்ட்ரோலர், டிமாண்ட் பிளானர், சப்ளை செயின் அனலிஸ்ட், கிடங்கு சாஃப்ட்வேர் டெவலப்பர் என்று வேலைகள் இருக்கு. மெக்கானிக்கல் படித்தவர்களும் வரலாம், பி.காம் படித்தவர்களும் வரலாம். எக்செல், எஸ்க்யூஎல் ரெண்டும் கைவசம் இருக்கணும்.

இன்டர்வியூவுக்கு முன்னாடி ஒரு பயிற்சி செய்து பாருங்க. போன மாசம் வரை தினமும் விற்று, திடீரென்று விற்பனை பூஜ்யமான, ஆனால் ஸ்டாக் இருப்பதாகக் காட்டும் பொருள்களை மட்டும் பட்டியல் எடுக்க ஒரு குவெரி எழுதுங்க. பேய் ஸ்டாக் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கும். வேலை கிடைத்த முதல் வாரத்திலேயே அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போங்க. பத்து ரேக்கை நீங்களே எண்ணுங்க. பிக்கிங் பண்றவங்ககிட்ட, 'மெஷின்ல சொல்ல முடியாத விஷயம் ஏதாவது இருக்கா'ன்னு கேளுங்க. நான் அந்தக் கேள்வியை ஸ்கிரீன் எழுதி முடிச்ச பிறகுதான் கேட்டேன்.

இந்த எபிசோடு இவ்வளவுதான். கிடங்கில் வேலை பார்க்கிறவங்க, பார்த்தவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, உங்க ஸ்கேனர்ல எந்தப் பட்டன் இல்லைன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதைப் பேசலாம்.