டீயில் விறகுப்புகை வாசம்! சீனாவின் 'லேப்சாங் சூச்சாங்' தேநீரை ருசிப்பது எப்படி? அசல் டீ ஏன் அரிதாகிறது?

இந்த டீ டப்பாவை முதன்முறையாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது கெட்டுப்போச்சா?"

கேட்பதில் தப்பில்லை. டப்பாவைத் திறந்ததும் டீ வாசம் வராது. விறகடுப்பு வாசம் வரும். கொஞ்சம் தார், கொஞ்சம் பிசின், கருகிய மரக்கட்டை என எல்லாம் கலந்து மூக்கில் ஏறும். ஆனால் டீ கெட்டுப்போகவில்லை. அது அப்படித்தான் தயாரிக்கப்படுகிறது. பைன் மர விறகின் புகையில் வாட்டி, அதே புகையில் உலர்த்தப்படும் இந்தச் சீனத் தேயிலையின் பெயர் லேப்சாங் சூச்சாங்.

உலகின் முதல் பிளாக் டீ இதுதான் எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெருமை இருந்தும், பழைய முறையில் புகையூட்டப்பட்ட அசல் சரக்கு இப்போது கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது.

எங்கிருந்து வருகிறது?

சீனாவின் தென்கிழக்கில் ஃபூஜியன் மாகாணம். அங்குள்ள வூயி மலைத்தொடரில், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டோங்மு கிராமம். இந்த டீக்குச் சீன மொழியில் ஜெங்ஷான் சியாவ்ஜோங் என்று பெயர். 'அசல் மலையின் சிறுவகை' என்று பொருள் சொல்லலாம். 'சியாவ்ஜோங்' என்பதுதான் வெளிநாட்டு வியாபாரிகளின் வாயில் 'சூச்சாங்' ஆனது. பெயரிலேயே 'அசல்' இருப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்து ஊர்களில் இதே மாதிரி டீ தயாரித்து, இதே பெயரில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். போலிப் பிரச்னை இன்று நேற்று வந்ததல்ல.

இது உருவான விதம் பற்றி ஒரு கதை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில், மிங் ஆட்சி முடிந்து சிங் ஆட்சி தொடங்கிய குழப்பமான காலத்தில், டோங்மு வழியே சென்ற படை ஒன்று தேயிலைக் கொட்டகையில் தங்கியதாம். வேலை நின்றுபோனதால் பறித்த கொழுந்து கறுத்துப்போனது. படை போனதும் அவசரமாக பைன் விறகை எரித்து உலர்த்தினார்களாம். யாரும் வாங்கமாட்டார்கள் என நினைத்த சரக்கை வெளிநாட்டு வியாபாரிகள் விரும்பி வாங்கிப்போனார்களாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதைவிட நம்பத்தகுந்த காரணம் அந்த ஊரின் வானிலை. கொழுந்து பறிக்கும் வசந்த காலத்தில் டோங்முவில் மழையும் மூடுபனியும் அதிகம். வெயிலில் இலையை வாட்ட வழியே இல்லை. சுற்றிலும் பைன் மரங்கள். ஆக, வீட்டுக்குள்ளேயே தீ மூட்டி இலையை வாட்டியிருக்கிறார்கள். இலையில் புகை ஏறியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

புகை இலைக்குள் எப்படிப் போகிறது?

இதற்கென்றே அங்கு பல அடுக்குகள் கொண்ட மரக் கட்டடங்கள் இருக்கின்றன. 'சிங்லோவ்' என்று பெயர். கீழே அடுப்பு, மேலே ஒவ்வொரு தளத்திலும் மூங்கில் பாய்களும் தட்டுகளும். கீழே எரியும் பைன் விறகின் சூடும் புகையும் தரையின் இடுக்குகள் வழியே மேலே ஏறும். பறித்துவந்த இலை முதலில் அந்தச் சூட்டில் வாடுகிறது. பிறகு உருட்டப்பட்டு, காற்றுபட்டுக் கறுத்துச் சிவக்கிறது. கடைசியில் மறுபடி அதே புகையில் உலர்கிறது. அதாவது ஒரே இலை இரண்டு முறை புகை பார்க்கிறது.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். மசாலா டப்பா பக்கத்தில் டீத்தூளை வைத்தவர்களுக்கு இது தெரியும். டோங்மு மக்கள் பயன்படுத்திக்கொண்டது இந்தக் குணத்தைத்தான்.

மரம் எரியும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து, குவாயகால் போன்ற வேதிப்பொருள்கள் உருவாகின்றன. புகையில் வாட்டிய மீனில் வரும் வாசத்துக்குக் காரணம் இதே குடும்பத்துப் பொருள்கள்தான். பைன் பிசினிலிருந்து வரும் லாங்கிஃபோலீன் என்ற பொருளும் இந்த டீயில் அதிகம். வெறும் புகை வாசமாக இல்லாமல், சாம்பிராணி போட்ட அறை மாதிரி ஒரு பிசின் வாசம் கூடவே வருவது அதனால்தான்.

சரி, எப்படி ருசிப்பது?

நல்ல லேப்சாங்கில் புகை முன்னால் நிற்கக் கூடாது. வாசத்தில் முதலில் வரலாம். ஆனால் வாயில் வைத்ததும் இனிப்பு வர வேண்டும். சீனர்கள் இந்த இனிப்பை உலர்ந்த லோங்கன் பழம் ஊறவைத்த தண்ணீரோடு ஒப்பிடுகிறார்கள். லோங்கன் என்பது லிச்சியின் உறவுக்காரப் பழம். அது தெரியாதவர்கள் பேரீச்சம்பழத்தையோ உலர்திராட்சையையோ மனதில் வைத்துக்கொள்ளலாம். நாக்கில் புகையும் கசப்பும் மட்டும் தெரிந்தால், மட்டமான இலையின் குறையைப் புகை போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

சுமார் 150 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் தேயிலை போதும். தண்ணீர் கொதித்து இறங்கியதும், 90 முதல் 95 டிகிரி சூட்டில் ஊற்றி, 2 அல்லது 3 நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். தமிழ்நாட்டு டீக்கடை பாணியில் பாத்திரத்தில் போட்டு கொதிக்கவிட்டால் கதை முடிந்தது. தார் மட்டும்தான் மிஞ்சும். தேயிலையைத் தரம் பார்க்கும் நிபுணர்கள் 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவைப்பார்கள். அது குறைகளை வெளியே கொண்டுவருவதற்கான முறை. ரசித்துக் குடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

வடிகட்டியதும் முதலில் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோப்பை என்றால் நல்லது. சிவப்பும் செம்பு நிறமும் கலந்து, கலங்கல் இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, காற்றோடு சேர்த்து 'சர்ர்ர்' என உறிஞ்ச வேண்டும். நாலு பேர் முன்னால் கொஞ்சம் கூச்சமாக இருக்கலாம், ஆனால் உலகம் முழுக்க தேயிலை நிபுணர்கள் இப்படித்தான் சத்தமாக உறிஞ்சுகிறார்கள். விழுங்கியதும் வாயை மூடி, மூக்கு வழியாக மெல்ல மூச்சை விடுங்கள். டீ எந்தத் தரம் என்பது அந்த மூச்சில்தான் தெரியும். பிசினும் பழ இனிப்பும் மெதுவாக ஏறி வந்தால் நல்ல சரக்கு. தொண்டை வறண்டு கமறினால் இல்லை.

இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். இந்த டீ சூடாக இருக்கும்போது புகை மட்டும்தான் பேசும். வெதுவெதுப்பாக ஆறும்போதுதான் இனிப்பு தெரியும். அதனால் பாதிக் கோப்பையை ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுக் குடித்துப் பார்ப்பது நல்லது. அதே இலையில் இரண்டாவது முறையும் தண்ணீர் ஊற்றலாம். புகை கொஞ்சம் இறங்கி, டீயின் சொந்த ருசி மேலே வரும். குடித்து முடித்த காலிக் கோப்பையை முகர்ந்து பார்க்கும் பழக்கமும் சீனாவில் உண்டு. நல்ல டீ என்றால் அடியில் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசம் தங்கியிருக்கும்.

பால் சேர்க்கலாமா? பிரிட்டனில் சிலர் சேர்த்துக் குடிக்கிறார்கள். ஆனால் முதல் கோப்பையில் வேண்டாம். பால் விட்டால் அந்தப் பழ இனிப்பு காணாமல் போய்விடும். பிறகு எதை ருசித்தோம் என்றே தெரியாது.

அசல் ஏன் குறைகிறது?

முதல் காரணம் காடு. டோங்மு பகுதி 1979இல் இயற்கைக் காப்பகத்தின் கீழ் வந்தது. 1999இல் வூயி மலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வெளியாட்கள் உள்ளே போகவே கட்டுப்பாடுகள் உண்டு. காப்பகத்துக்குள் பைன் மரத்தை வெட்ட முடியாது. புகை போட விறகு இல்லாமல் புகை டீ எப்படி வரும்? விறகை வெளியிலிருந்து கொண்டுவந்தால் செலவு ஏறுகிறது.

இரண்டாவது, சந்தை. 2005இல் இதே டோங்முவில் ஜின் ஜுன் மேய் என்ற புதிய டீ உருவானது. இளம் மொட்டுகளை மட்டும் பறித்து, புகையே காட்டாமல் செய்வது. அரை கிலோவுக்குப் பல்லாயிரம் மொட்டுகள் வேண்டும். சீனாவில் அதற்குக் கிடைத்த விலையைப் பார்த்ததும், பல தயாரிப்பாளர்கள் புகையில்லாத வகைகளின் பக்கம் போய்விட்டார்கள். இன்று சீனாவுக்குள் ஜெங்ஷான் சியாவ்ஜோங் என்று கேட்டு வாங்கினாலும் புகை வாசமே இல்லாத டீ கைக்கு வரலாம்.

மூன்றாவது, ஐரோப்பாவின் விதிகள். விறகுப் புகையில் ஆந்த்ராகுவினோன் என்ற பொருளும் உருவாகும். இதைப் புற்றுநோய் ஏற்படுத்தும் சாத்தியம் உள்ள பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வைத்துள்ள உச்சவரம்பு, ஒரு கிலோ தேயிலைக்கு 0.02 மில்லிகிராம். புகையில் உலர்த்திய இலை இந்த வரம்புக்குள் நிற்பது ரொம்ப கஷ்டம். இதனால் அங்கே பல கடைகளின் அலமாரியிலிருந்து அசல் லேப்சாங் மறைந்துவிட்டது. பிரிட்டனில் ட்வைனிங்ஸ் நிறுவனம் லேப்சாங்குக்குப் பதிலாக 'டிஸ்டிங்க்ட்லி ஸ்மோக்கி' என்ற பெயரில் புகைச்சுவை சேர்த்த டீயைக் கொண்டுவந்தபோது, பழைய வாடிக்கையாளர்கள் பலர் கொதித்துப்போனார்கள்.

அப்போ குடிக்கலாமா, கூடாதா?

அந்த வரம்பு உலர்ந்த இலைக்கானது, கோப்பையில் இருக்கும் டீக்கானது அல்ல. புகையில் இருக்கும் இன்னொரு ஆபத்தான வகை, பென்சோபைரீன் போன்றவை, தண்ணீரில் மிகக் குறைவாகவே கரைபவை. இலையில் இருப்பது முழுதும் கோப்பைக்கு வராது. அதற்காக ஒரு நாளைக்கு ஆறு முறை குடிக்கும் டீயாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எப்போதாவது ஒரு கோப்பை என்று குடிப்பவர்கள்தான் இதை அதிகம் ரசிக்கவும் செய்கிறார்கள்.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் தேயிலை மட்டும் இருக்கிறதா, 'ஃபிளேவர்' என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதியை இரண்டாவது முறை தண்ணீர் ஊற்றித் தெரிந்துகொள்ளலாம். மேலே தெளித்த செயற்கை வாசம் முதல் கோப்பையோடு பெரும்பாலும் போய்விடும். இலைக்குள் ஏறிய புகை இரண்டாவது, மூன்றாவது கோப்பையிலும் மெலிதாகத் தொடரும்.

வாங்கிவந்ததை இறுக்கமாக மூடும் டப்பாவில், மற்ற டீத்தூளிலிருந்து தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் போடும் பால் டீயிலும் விறகு வாசம் வரும். புகை ரொம்பக் காட்டமாகத் தெரிந்தால் தூக்கிப் போட வேண்டாம். சில மாதங்கள் அப்படியே மூடி வைத்தால் காட்டம் தணிந்துவிடும்.