ராத்திரி ஒரு வாழைப்பழம்: யாருக்கு நல்லது? யாருக்கு ஆபத்து?

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெட்டிக்கடைக்குப் போய், தொங்கும் தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றால்தான் சிலருக்குத் தூக்கமே வரும். "காலையில வயிறு லேசா போகணும் சார், அதுக்குத்தான்!" என்பார்கள். மாம்பலம் ஆனாலும் வண்ணாரப்பேட்டை ஆனாலும் சென்னையில் இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

நம்பிக்கை வீண் அல்ல. நடுத்தர அளவுள்ள ஒரு பழத்தில் சுமார் 3 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அது மலத்தை இளக்கும். ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் முழுவதும் காய்கறி, கீரையைத் தொடாமல், தண்ணீரும் குடிக்காமல், ராத்திரி ஒரு பழத்தைத் தின்றுவிட்டு அதன் மேல் பழியைப் போட்டால் அது என்ன செய்யும்?

கனிந்ததா, செங்காயா?

பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். செங்காயில் சீக்கிரம் செரிக்காத மாவுச்சத்து அதிகம். கனியக் கனியத்தான் அது சர்க்கரையாகும். செங்காயைத் தின்றால் சிலருக்கு வயிறு உப்பும், மலம் கட்டும்.

மலைப்பழத்துக்குத்தான் கிராக்கி அதிகம். சிறுமலை, விருப்பாச்சி மலை வாழைகள் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் கடைக்காரர் 'மலைப்பழம்' என்று நீட்டுவதெல்லாம் மலையில் விளைந்ததுதானா என்பது பழனி முருகனுக்கே வெளிச்சம்!

சிறுநீரக நோயாளிகள் உஷார்!

ஒரு பழத்தில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். நின்றும் போகலாம்.

இதில் வேதனை என்னவென்றால், இவர்களுக்கு மலச்சிக்கலும் அதிகம். பலருக்குத் தண்ணீரையே அளந்துதான் குடிக்கச் சொல்லியிருப்பார்கள். முக்கி முனகும் மனுஷனைப் பார்க்கப் பொறுக்காமல், "பழம்தானே, என்ன பண்ணிடும்?" என்று வீட்டில் பாசத்தோடு இரண்டை உரித்துக் கொடுத்துவிடுவார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது உயிரோடு விளையாட்டு. ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தை ஏற்றும். டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் பழத்தைத் தொட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் வயிறு முட்டச் சோறு தின்ற கையோடு பழத்தையும் தின்னக் கூடாது. சின்னப் பழமாக ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன கணக்குக்குள்.

மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, வழக்கமாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று மாறினாலோ, நிற்க வேண்டிய இடம் பெட்டிக்கடை அல்ல, ஆஸ்பத்திரி.